பட்ஜெட்டில் ஆஸ்பத்திரி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மருத்துவத்துக்கு 21,906 கோடி ஒதுக்கினார்கள் என்று படித்தேன். இது நிறையவா, குறைவா?
– அரியலூரிலிருந்து ஒரு வாசகர்

கோடியில் யோசித்தால் யாருக்கும் பிடிபடாது. தலைக்கு எவ்வளவு என்று பாருங்கள். அது 2025-26 பட்ஜெட்டில் தமிழ்நாட்டின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறைக்கு ஒதுக்கிய தொகை. மக்கள்தொகை 7.7 கோடி என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு வருடத்துக்கு 2,800 ரூபாய் சொச்சம். ஒரு நாளைக்கு எட்டு ரூபாய்கூட இல்லை. தடுப்பூசி, பிரசவம், 108 வண்டி, மருத்துவக் கல்லூரி, டயாலிசிஸ் எல்லாமே அந்த எட்டு ரூபாய்க்குள்தான் அடங்க வேண்டும்.

இன்னொரு அளவுகோலும் உண்டு. மாநிலங்கள் தங்கள் பட்ஜெட்டில் 8 சதவீதத்துக்கு மேல் சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும், அதை 2020க்குள் எட்ட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு தேசிய நலவாழ்வுக் கொள்கை சொன்னது. 2025-26இல் தமிழ்நாட்டின் வருவாய்ச் செலவு மட்டும் சுமார் 3.73 லட்சம் கோடி. அதோடு ஒப்பிட்டால்கூட நம் ஒதுக்கீடு 6 சதவீதத்தைத் தொடவில்லை.

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். உடல்நலத்துக்கான செலவு முழுவதும் இந்த ஒரு துறையில் அடங்குவதில்லை. இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் தொழிலாளர் நலத் துறையில் வரும். அங்கன்வாடி சமூக நலத் துறையில் வரும். குடிநீரும் கொசு ஒழிப்பும் பெரும்பாலும் உள்ளாட்சிகளின் தலையில். அதையெல்லாம் கூட்டினால் படம் கொஞ்சம் மாறும். ஆனாலும் என் பதில் 'குறைவு' என்பதுதான். குறைந்த பணத்தில் நாம் ஓரளவு நன்றாகச் செய்தோம் என்றால், பொதுச் சுகாதாரத்துக்கென்று 1939இலேயே தனிச் சட்டமும், அதற்கென்று தனி இயக்குநரகமும் வைத்திருந்தது ஒரு முக்கியக் காரணம். பழைய முதலின் வட்டியில் இன்னும் எத்தனை நாள் ஓட்டுவது என்பதுதான் என் கவலை.

ஒதுக்கிய பணம் உண்மையில் செலவானதா என்று சாதாரண ஆள் கண்டுபிடிக்க முடியுமா?
– திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி

முடியும். பட்ஜெட் உரையை ஓரமாக வைத்துவிட்டு, மானியக் கோரிக்கை எண் 19 என்ற புத்தகத்தைத் திறங்கள். சுகாதாரத் துறையின் செலவுக்குச் சட்டமன்றத்தில் பணம் கேட்கும் புத்தகம் அது. நிதித் துறை இணையதளத்தில் கிடைக்கும். அதில் 2210 என்ற தலைப்பில்தான் மருத்துவமும் பொதுச் சுகாதாரமும் இருக்கின்றன. குடும்ப நலம் 2211, கட்டடம் முதலான மூலதனச் செலவு 4210.

ஒவ்வொரு வரிக்கு எதிரேயும் நான்கு எண்கள் இருக்கும். முந்தைய ஆண்டின் கணக்கு, நடப்பாண்டின் பட்ஜெட் மதிப்பீடு, அதே ஆண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. மேடையில் அறிவிப்பது நான்காவதை. நீங்கள் பார்க்க வேண்டியது முதல் எண்ணை. அதை இரண்டு வருடத்துக்கு முந்தைய புத்தகத்தில் அதே வரிக்கு நேரே இருக்கும் மதிப்பீட்டோடு வைத்துப் பாருங்கள். நூறு என்று சொல்லி அறுபதில் முடிந்திருந்தால், அந்தத் திட்டம் பேச்சோடு நின்றது என்று அர்த்தம்.

அப்புறம், மதிப்பீடு திருத்தத்தில் சரிந்திருந்தால் உடனே ஊழல் என்று எழுதிவிடாதீர்கள். பாதி நேரம் காரணம் சப்பென்று இருக்கும்: டெண்டர் தள்ளிப்போனது, பணியிடம் நிரப்பவில்லை, மத்திய அரசின் பங்கு தாமதமாக வந்தது. தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் திட்டங்களில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கு. 60 வராமல் 40ஐ வைத்துக்கொண்டு காத்திருக்கும் அலுவலகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்குப் புதுக் கட்டடம் திறந்தார்கள். உள்ளே போனால் டாக்டர் இல்லை. இது என்ன முன்னுரிமை?
– தருமபுரியிலிருந்து ஓர் ஆசிரியை

கட்டடத்துக்கு ஒருமுறை செலவு செய்தால் போதும். டாக்டருக்கும் செவிலியருக்கும் மாதாமாதம் சம்பளம், அப்புறம் ஓய்வூதியம். அதனால் கட்டடத்துக்கு ஒப்புதல் தரும் நிதித் துறை, பணியிடம் என்றதும் பேனாவை மூடிவைத்துவிடும். பணியிடம் உருவாக்கத் தனி அரசாணை வேண்டும். அதன் பிறகு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்க வேண்டும். இரண்டு கோப்புகளும் ஒரே நேரத்தில் கிளம்பினால் பிரச்சினை இல்லை. கிளம்புவதில்லை.

நான் கணக்குப் பிரிவில் இருந்த காலத்தில் ஒரு தாலுகா மருத்துவமனைக்குத் தணிக்கைக்குப் போனேன். ஊர்ப் பெயர் வேண்டாம். எக்ஸ்ரே அறையைத் திறந்து காட்டினார்கள். இயந்திரத்தின் மேல் பாலித்தீன் உறை பிரிக்காமல் இருந்தது. அதன் கைப்பிடியில் யாரோ ஈரத் துண்டைக் காயப்போட்டிருந்தார்கள். டெக்னீஷியன் பணியிடம் இன்னும் வரவில்லை என்றார்கள். எங்கள் பதிவேட்டில் அந்தத் திட்டம் 'முழுமையாகச் செலவிடப்பட்டது'. தொகை, வவுச்சர், ரசீது எல்லாம் சரி. நானும் பச்சை மையில் டிக் போட்டுவிட்டு வந்தேன்.

மருத்துவக் காப்பீட்டுக்குக் கொட்டும் பணத்தை அரசு மருத்துவமனைகளுக்கே கொடுத்தால் என்ன?
– கோவையிலிருந்து ஒரு வாசகர்

பாதி உடன்படுகிறேன். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கிறது. அரசு மருத்துவமனையில் அந்த அட்டையைப் பயன்படுத்தினால் தொகை அந்த மருத்துவமனைக்கே வருகிறது. அதை வைத்துக் கருவி வாங்குகிறார்கள். ஆகவே எல்லாப் பணமும் தனியாருக்குப் போகிறது என்பது சரியல்ல.

குறை வேறு இடத்தில். காப்பீடு படுக்கையில் விழுந்த பிறகுதான் கைகொடுக்கும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தினமும் போடும் மாத்திரை அதில் வராது. அந்த மாத்திரையை ஒழுங்காகப் போடாதவர்தான் பத்து வருடம் கழித்து அட்டையைத் தூக்கிக்கொண்டு டயாலிசிஸுக்கு வருகிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அந்த மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறது. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், நான் யோசிக்காமல் இதற்கே கொடுப்பேன்.

மதுரை எய்ம்ஸுக்கு மாநில பட்ஜெட்டில் ஏன் பணம் ஒதுக்கவில்லை?
– மதுரையிலிருந்து ஒரு வாசகர்

அது மத்திய அரசின் நிறுவனம். 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டியதும் அவர்கள், ஜப்பானில் கடன் வாங்கியதும் அவர்கள். கேள்வியை டெல்லிக்கு அனுப்புங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மருந்து இல்லை, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்' என்கிறார்கள். பணம் இல்லையா?
– விழுப்புரத்திலிருந்து ஒரு வாசகர்

பெரும்பாலும் பணம் காரணமல்ல. 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் போல ஒரு பாஸ்புக். அதில் உள்ள தொகைக்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம். அவசரத்துக்கு உள்ளூரில் வாங்கவும் சிறு பங்கு உண்டு. ஆக, மாத்திரை இல்லையென்றால் கிடங்கில் இருப்பு இல்லையா, பாஸ்புக்கில் தொகை தீர்ந்ததா, இல்லை யாரும் கேட்டு எழுதவில்லையா என்று மருத்துவ அலுவலரிடம் கேளுங்கள். மூன்றாவதுதான் என் சந்தேகம். பதில் வராவிட்டால் அரசின் மருத்துவ உதவி எண்ணான 104க்குப் போன் செய்யுங்கள்.

உங்கள் கையில் 100 கோடி கொடுத்தால் எதற்குச் செலவிடுவீர்கள்?
– அதே திருச்சி மாணவி

கிராம சுகாதார செவிலியருக்கு. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அங்கே ஒரு செவிலியர் என்பது கணக்கு. பக்கத்து நிலையம் காலியாக இருந்தால் அதையும் அவரே பார்ப்பார். கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, குடும்ப நலம், இப்போது செல்போனில் நாலைந்து செயலிகளில் பதிவேற்றம் வேறு. முதலில் காலியிடங்களை நிரப்புவேன். மிச்சப் பணத்தில் பதிவேற்றத்துக்கு ஓர் ஆள். அந்த அம்மா பகலில் வீடுகளுக்குப் போகட்டும். இப்போது பாதி நாள் சிக்னல் தேடி மொட்டை மாடியில் நிற்கிறார்.