வளரும் வயதில் முழங்கால் வலி: இயன்மருத்துவரிடம் கேளுங்கள்

கேள்வி (கிளிநொச்சி): மகளுக்கு 13 வயது. வலைப்பந்து ஆடினாலும் படி இறங்கினாலும் முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையாம். நிற்கும்போது முழங்கால் சிரட்டைகள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கின்றன.

பதில்: அம்மா, விடயத்தை நீங்களே கண்டுவிட்டீர்கள். பிறக்கும்போது தொடையெலும்பில் ஏறத்தாழ 40 பாகை முன்திருகல் இருக்கும், அதாவது எலும்பின் மேல்முனை முன்னோக்கித் திரும்பியிருக்கும். வளர்ந்து முடிவதற்குள் 15 அளவுக்கு இறங்கும். சிலருக்கு இறங்குவதில்லை. அவர்களில் சிலருக்குக் கீழ்க்காலெலும்பு எதிர்ப்பக்கம் திருகிக்கொள்கிறது. பாதம் நேராகத் தெரியும், சிரட்டை மட்டும் உள்ளே பார்க்கும். தசை இழுக்கும்போது அது வெளிப்பக்கம் சரிந்து உரசும். முழங்கால் எக்ஸ்ரே இந்தத் திருகலை அளக்காது. குப்புறப் படுக்கவைத்து முழங்காலை மடித்து, பாதங்களை வெளியே சாய விடுங்கள். செங்குத்து நிலையிலிருந்து 70 பாகைக்கு மேல் சாய்ந்தால் எலும்பியல் கிளினிக்கில் காட்டுங்கள்; தேவையென்றால் சி.டி. ஸ்கானில் அளப்பார்கள். முதலில் இடுப்பு, தொடைத் தசைகளுக்கான பயிற்சி. எலும்பை வெட்டித் திருப்பும் சத்திரசிகிச்சை மிகச் சிலருக்கே.

இடுப்பையும் சோதிக்கச் சொல்லுங்கள். இடுப்பு நோய் முழங்காலில் வலியாகத் தெரிவதுண்டு.

கேள்வி (விசுவமடு): சிறு வயதில் காலைப் பின்னுக்கு மடித்து உட்கார்ந்ததால் வந்த வினைதானே?

பதில்: இல்லை. திருகல் இருப்பதால்தான் அந்த இருப்பு சுகமாக இருக்கிறது. சம்மணம் சிரமமாக இருக்கிறது.

கேள்வி (பரந்தன்): ஏற்கமாட்டேன், ஐயா. என் மகளை அதட்டிச் சம்மணமிட வைத்தோம். பத்து வயதில் கால் நேரானது.

பதில்: அதட்டாத வீடுகளிலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த வயதில் நேராகிவிடுகிறது. உங்கள் அதட்டலுக்கு எலும்பு பயந்ததாக நான் நம்பவில்லை.

கேள்வி (பரந்தன்): அப்படியானால் எங்கள் பெரியவர்கள் சொன்னது பொய்யா?

பதில்: அவர்கள் கால் நேரானதைக் கண்டது உண்மை. காரணம் சொன்னதுதான் பிழை.

கேள்வி (மாங்குளம்): விசேட சப்பாத்து போட்டால் திருகல் மாறுமா?

பதில்: மாறாது.

கேள்வி (புதுக்குடியிருப்பு): பட்டி கட்டினால்? பரியாரியாரின் எண்ணெய்?

பதில்: சப்பாத்துக்குச் சொன்னதே இவற்றுக்கும். எண்ணெய் தடவலாம், இழுத்துத் திருப்ப விடாதீர்கள்.

கேள்வி (முல்லைத்தீவு): மகன், 14. சிரட்டைக்குக் கீழே எலும்பு புடைத்து, தொட்டால் வலி.

பதில்: தசைநாண் எலும்பில் பற்றும் இடத்து வலியாகத் தெரிகிறது, வளர்ச்சி முடிய அடங்கும். ஓட்டத்தைக் குறையுங்கள். இரவில் வலித்து எழுந்தால் உடனே காட்டுங்கள்.

கேள்வி (மன்னார்): மகன், 12, பருமன். சில வாரமாக முழங்கால் வலி, நொண்டுகிறான். பாதம் வெளியே திரும்பி நிற்கிறது. என்ன பயிற்சி?

பதில்: பயிற்சி வேண்டாம், நடக்கவும் விடாதீர்கள். இன்றே வைத்தியசாலைக்குத் தூக்கிச் சென்று இடுப்புக்கு எக்ஸ்ரே கேளுங்கள். தொடையெலும்பின் தலை வழுகியிருக்கலாம். இதற்காகத்தான் மேலேயும் இடுப்பு என்றேன்.

கேள்வி (வவுனியா): எனக்கு 52. முழங்கால் தேய்மானம்.

பதில்: அது இங்கில்லை, உங்கள் கிளினிக்கில் கேளுங்கள்.

கேள்வி (நெடுங்கேணி): ஐயா, அந்தச் சப்பாத்து எங்கே வாங்கலாம்?

பதில்: மாங்குளத்துக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.