ஈரல் கட்டியும் எம்.ஆர்.ஐ.யும்: கேள்வி பதில்

ஈரல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோரின் வீட்டார் கேட்டவை இவை. படம் வாசிப்பதுதான் என் தொழில், மருந்து எழுதுவது அல்ல. ஆகவே படத்தை விட்டு வெளியே போகாமல் பதில் சொல்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மகள்: அப்பாவின் ஈரலில் 4 சென்ரிமீற்றர் கட்டி. நாடி வழியாக மருந்து செலுத்தி அடைக்கும் 'டேஸ்' சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். பலன் தருமா என்று எம்.ஆர்.ஐ.யைப் பார்த்து முன்பே சொல்ல முடியுமா, டொக்டர்?

அறுதியிட முடியாது, மகள். எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லலாம். நல்ல ஈரல் தன் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கைக் குடலிலிருந்து வரும் வாயில் நாளத்தால் பெறுகிறது. இந்த வகைக் கட்டியோ பெரும்பாலும் நாடியை நம்பி வளர்கிறது. அதனால்தான் நாடியை அடைத்தால் கட்டி பட்டினி கிடக்கிறது, ஈரல் தப்பிவிடுகிறது. இரத்தம் பாயும் இடங்களைப் படத்தில் ஒளிரச் செய்யும் கொன்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றிச் சுமார் அரை நிமிடத்தில் எடுக்கும் படத்தில் கட்டி ஒற்றையாக, பளிச்சென்று, ஓரம் வழுவழுப்பாகத் தெரிந்தால் எனக்கு நம்பிக்கை வரும். ஓரம் பிய்த்த ரொட்டி போலிருந்தாலோ, சுற்றியுள்ள ஈரலும் சேர்ந்து ஒளிர்ந்தாலோ, நுண்ணிய நாளங்களுக்குள் நோய் புகுந்திருக்கக்கூடும். அத்தகைய கட்டி திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். வாயில் நாளத்துக்குள்ளேயே கட்டி நீண்டிருந்தால் சிகிச்சைத் திட்டமே மாறும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: மாமாவுக்கு டேஸ் செய்து ஒரு மாதம். முன்பும் 5 சென்ரிமீற்றர், இப்போதும் 5 என்கிறது ரிப்போர்ட். சிகிச்சை வீண்தானா?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது. செத்த கட்டி உடனே மறைந்துவிடாது, கூடு போல அங்கேயே கிடக்கும். முழு அளவைப் பார்க்காமல், கொன்ட்ராஸ்ட் மருந்தை வாங்கி ஒளிரும் உயிருள்ள பகுதியை மட்டும் அளக்க வேண்டும் என்ற முறை 2010இல் வெளியானது, எம்ரெசிஸ்ட் என்பார்கள். 5 சென்ரிமீற்றர் கட்டிக்குள் 1.5 மட்டும் ஒளிர்ந்தால், நான் எழுதும் எண் 1.5. இதில் ஒரு சிக்கல் உண்டு: செத்த பகுதியில் உறைந்த இரத்தம் மருந்து ஏற்றாமலேயே வெள்ளையாகத் தெரியும். அதனால் கொன்ட்ராஸ்ட் ஏற்றுமுன் எடுத்த படத்தை, ஏற்றியபின் எடுத்த படத்திலிருந்து கழித்துப் பார்க்கிறோம். கழித்தபின் கறுப்பாக இருந்தால் அது செத்ததுதான். உங்கள் ரிப்போர்ட்டில் ஒளிரும் பகுதியைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை.

தெஹிவளையிலிருந்து: சி.ரி. ஸ்கான் போதாதா?

பல நேரம் போதும். ஆனால் டேஸில் லிப்பியோடோல் எண்ணெய் கலந்திருந்தால் அது சி.ரி.யில் வெள்ளை வெளேரென்று தெரிந்து, மிச்சமுள்ள கட்டியை மறைத்துவிடும். எம்.ஆர்.ஐ.க்கு அந்தத் தொல்லை இல்லை.

அதே வாசகர்: அம்மாவின் படம் 'தெளிவில்லை' என்று திரும்ப வரச் சொன்னார்கள். ஏன்?

மூச்சுத்தான் காரணமாக இருக்கும். முக்கியமான படத்துக்குப் பதினைந்து இருபது வினாடி அசையாமல் மூச்சைப் பிடிக்க வேண்டும். அந்தக் கணம் தப்பினால் உடனே மறுபடி எடுக்க முடியாது, மருந்து கடந்துபோயிருக்கும். ஈரல் கலங்கள் உறிஞ்சும் கடோக்ஸெட்டிக் அமிலம் என்ற கொன்ட்ராஸ்ட் மருந்து சிலருக்குச் சில வினாடிகள் மூச்சுத் திணறலையும் தரும். எங்கள் ஊருக்கே உரிய காரணம் இன்னொன்று. ஒருமுறை ஒரு பாட்டியின் படங்கள் எல்லாம் அலையலையாக வந்தன. ஹெட்ஃபோனில் 'ஹுஸ்ம கன்ன' (மூச்சை இழுங்கள்) என்று சிங்களத்தில் சொல்லச் சொல்ல, அவர் 'என்ன மகன்?' என்று திரும்பக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே போகுமுன் தமிழில் இரண்டு முறை ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு மாணவர்: செயற்கை நுண்ணறிவு படத்தைப் பார்த்தே பலனைக் கணிக்கிறதாமே?

கணிக்கிறது, ஆய்வுக் கட்டுரைகளில். ஒரு மருத்துவமனையின் இயந்திரத்தில் பழகிய கணிப்பு வேறொரு இயந்திரத்தில் தடுமாறுவது வழக்கம். நோயின் காரணமும் நாட்டுக்கு நாடு வேறு: சீனாவிலும் கொரியாவிலும் பல நோயாளிகளுக்குக் காரணம் ஹெப்படைட்டிஸ் பி வைரஸ்; இலங்கையில் கொழுப்பு ஈரலும் மதுவும்தான் முன்னே நிற்கின்றன. அந்தக் கணிப்பை நம்பி ஒருவரின் சிகிச்சையை மாற்ற நான் இன்று சம்மதிக்க மாட்டேன்.

மட்டக்குளியிலிருந்து: அடுத்த ஸ்கானுக்கு என்ன கொண்டு வர வேண்டும்?

சிறுநீரக இரத்தப் பரிசோதனை முடிவு. ஈரல் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் பிலிருபின், அல்புமின் அளவுகள். கட்டி சிறிதாக இருந்தும் ஈரல் தளர்ந்திருந்தால் கணக்கு வேறு. முக்கியமாகப் பழைய படங்களின் இறுவட்டு. அச்சிட்ட ரிப்போர்ட்டை மட்டும் நீட்டாதீர்கள், அதில் கட்டியின் ஓரம் தெரியாது.