தலையைத் திறக்காமல் நடுக்கத்தை நிறுத்தும் இயற்பியல்

தேவகோட்டையிலிருந்து மகளுக்காக எழுதியிருக்கும் ஆச்சிக்கு,

நீட் மதிப்பெண் குறைந்து பிள்ளை சோர்ந்திருக்கிறாள் என்ற உங்கள் கவலை புரிகிறது. ஆனால், பங்கு வீட்டில் உங்கள் பகுதியை ஈடு வைத்து நிர்வாக ஒதுக்கீட்டில் மருத்துவ இடம் வாங்கும் யோசனையை நான் ஏற்கமாட்டேன். அதைச் சொல்லும் சிங்கப்பூர் உறவினர் வட்டி கட்டப்போவதில்லை. ஐந்தரை ஆண்டுப் படிப்புக்கும், அதன்பின் மேற்படிப்புக்கும் கட்டப்போவது நீங்கள்.

அய்யாவின் கைநடுக்கத்துக்கு ஒலி அலையால் சிகிச்சை உண்டு என்று படித்தவள், மண்டையோட்டைக் கடந்து ஒலி எப்படி ஒரே புள்ளியில் சேரும் என்று இயற்பியல் ஆசிரியரைத் துளைத்தெடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். மருத்துவராக வேண்டும் என்று அவள் சொன்னதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

அவள் கேட்டது அந்தச் சிகிச்சையின் உயிர்நாடியான கேள்வி. 1,024 மீயொலி (காதுக்கு எட்டாத ஒலி) மூலங்கள் பதித்த தலைக்கவசத்தை அணிவித்து நோயாளியை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைக்கிறார்கள். தனித்தனியே திசுவுக்குத் தீங்கு செய்யாத மெல்லிய கற்றைகள் கூடும் இடத்தில், மூளையின் ஆழத்திலிருக்கும் தாலமஸில், நடுக்கத்தோடு தொடர்புடைய சில மில்லிமீட்டர் பகுதி மட்டும் சூடேறுகிறது. எலும்பின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதால் அலைகள் முன்பின்னாக வந்து சேரும். ஆகவே முன்பே எடுத்த சி.டி. படத்தைக் கொண்டு ஒவ்வொரு மூலத்துக்கும் தனியே கணக்கிட்டுத் திருத்துகிறார்கள். முதலில் இலேசாகச் சூடேற்றி, விழித்திருக்கும் நோயாளியைச் சுருள்கோடு வரையச் சொல்லி, நடுக்கம் குறைவதையும் பேச்சு குழறாததையும் பார்த்த பிறகே வெப்பத்தை 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் உயர்த்தி அந்தத் திசுவை அழிப்பார்கள். அமெரிக்காவில் இந்த மீயொலி முறைக்கு, கருப்பை நார்க்கட்டிக்கு 2004-லும், இந்த நடுக்கத்துக்கு 2016-லும் அனுமதி கிடைத்தது. கல்லீரல் கட்டியைச் சூடின்றி, மீயொலி எழுப்பும் நுண்குமிழ்களால் சிதைக்கும் முறைக்கு 2023-ல் கிடைத்தது. அய்யாவுக்குப் பொருந்துமா என்பதை நரம்பியல் மருத்துவரே சொல்ல வேண்டும். சிலருடைய மண்டையோட்டு எலும்பு இதற்கு ஒத்துவராது, சிலருக்கு மரத்துப்போதலும் நடைத் தள்ளாட்டமும் வருவதுண்டு.

இந்தக் கணக்குகளின் பின்னால் இருப்பது மருத்துவ இயற்பியல். காரைக்குடி அழகப்பா அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்து, அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியலும், மருத்துவமனையில் ஓராண்டுப் பயிற்சியும் முடிக்கலாம். முதல் வேலை பெரும்பாலும் புற்றுநோய்க் கதிர்வீச்சுப் பிரிவில்தான் அமையும். மீயொலிக்கு ஆராய்ச்சி வழியாகப் போக வேண்டியிருக்கும். இதை மறைத்து ஆசை காட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனால் அரசுக் கல்லூரியின் மூன்றாண்டுக் கட்டணமும் சேர்ந்து, தனியார் மருத்துவக் கல்லூரியின் ஒரு மாதச் செலவை எட்டாது.

பன்னிரண்டாம் வகுப்பில் அவள் கணிதம் எடுத்திருந்தாளா என்று எழுதுங்கள். இல்லையென்றால் வழி மாறும். அரசுக் கல்லூரி விண்ணப்பத் தேதி முடிவதற்குள் அவளை உட்காரவைத்துக் கேளுங்கள். அதுவரை ஈட்டுப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டாம்.