அமைதியில் அமர்ந்தாலும் கடவுளின் குரல் கேட்கவில்லையே, என்ன செய்வது?

பல மாதங்களாகத் தனியறையில் அமைதியாக இருந்து செபித்தும் எதுவும் கேட்கவில்லை என்றும், இப்போது கோயிலுக்குப் போகும் விருப்பமே குறைந்துவிட்டது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஊரைவிட்டு வந்து, வேலை முடிந்த இரவுகளில் தனியே முயல்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன்.

எனக்கு அமைதி என்றாலே நெடுங்காலம் அச்சமாக இருந்தது. 2009ஆம் ஆண்டின் முற்பகுதியில், இலங்கையின் இறுதிப் போர் நடந்த வன்னியில் பதுங்குகுழிக்குள் இருந்தவர்களுக்கு இது விளங்கும். எறிகணை புறப்படும் ஓசை தொலைவில் கேட்கும். அது விழும்வரை குழிக்குள் ஒருவரும் வாய் திறக்கமாட்டோம். நான் பழகிய அமைதி அந்த இடைவெளிதான். போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து ஊர் திரும்பிய பிறகும், கண்ணை மூடி அமர்ந்தால் என் காது ஆண்டவரைத் தேடவில்லை; அந்த ஓசையையே தேடியது. இதற்கு மருத்துவ விளக்கம் உண்டு என்பதை அறிவேன். மருத்துவரிடம் போகவேண்டியவர்கள் போகத்தான் வேண்டும். செபத்தை அதற்கு மாற்றாகச் சொல்கிறேன் என்று எவரும் கொள்ளவேண்டாம்.

எனக்கு வழி திறந்தது தனியறையில் அல்ல. கூரை இல்லாமற்போன எங்கள் கோயிலில் தறப்பாள் கட்டி, வியாழன் மாலைகளில் நற்கருணை ஆராதனை, அதாவது நற்கருணை அப்பத்தின் முன் கூடி அமர்ந்து செபிக்கும் வழிபாடு, வைத்தார்கள். செபமாலை முடிந்ததும் எவரும் பேசுவதில்லை; மின்சாரம் இல்லாததால் ஒலிபெருக்கியும் இல்லை. காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடிக்கொண்டிருந்த ஓர் அம்மா எப்போதும் என் பக்கத்தில் இருப்பார். அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்கும். இத்தனை பேர் சேர்ந்து இருக்கும் இந்த அமைதிக்குள் எதுவும் வந்து விழாது என்பதை என் உடல் மெல்ல மெல்ல நம்பியது. ஆண்டவர் பேசினார் என்று நான் துணிந்து சொல்லக்கூடியது அதற்குப் பிறகுதான் வந்தது. அதுவும் சொற்களாக வரவில்லை. ஆராதனை முடிந்து அந்த அம்மாவை இருட்டில் தனியே விடாமல் அவர் வீடுவரை போகவேண்டும் என்ற தெளிவாக வந்தது. அது உங்கள் மனம்தானே என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அன்று என் மனத்தில் பிறரை நினைக்க இடமே இருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

விவிலியத்தில் முதலாம் அரசர் நூலின் 19ஆம் அதிகாரத்தை முழுமையாக வாசியுங்கள். காற்றிலும் நிலநடுக்கத்திலும் தீயிலும் இல்லாத ஆண்டவர் மெல்லிய ஒலியில் வந்தார் என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு முன்பே, சாவை வேண்டிப் படுத்த இறைவாக்கினர் எலியாவை வானதூதர் இருமுறை எழுப்பி உண்ணச் செய்கிறார். அதற்குப் பின், நான் ஒருவனே எஞ்சியிருக்கிறேன் என்று முறையிட்டவரிடம், பாகால் என்ற வேற்றுத் தெய்வத்துக்கு மண்டியிடாத ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று சொல்லி, வந்த வழியே திரும்பிப் போகச் சொல்கிறார் ஆண்டவர்.

இதை எழுதும்போது ஒரு மனவருத்தத்தையும் மறைக்க முடியவில்லை. ஒரு தவக்காலத் தியானத்துக்கு வெளியிலிருந்து வந்த போதகர், விசுவாசம் குறைந்ததால்தான் சிலருடைய செபம் கேட்கப்படவில்லை என்று, பிள்ளைகளைத் தேடும் தாய்மாருக்கு முன்னால் பேசினார். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் வெயிலிலும் மழையிலும் அமர்ந்த பெண்களைப் பார்த்து எவராலும் விசுவாசக் குறைவு என்று சொல்ல முடியுமா? சத்தமாகப் பாடிச் செபிப்பவர்களை நான் குறை சொல்லவில்லை; துயரப்பட்டவர்கள்மேல் பழி சுமத்துவதைத்தான் பொறுக்க முடியவில்லை. உங்களுக்கும் எவராவது அப்படிச் சொல்லியிருந்தால், அதை ஆண்டவரின் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தனியறை முயற்சியைச் சில காலம் விட்டுவிட்டு, அருகிலுள்ள பங்கில் ஆராதனை எப்போது நடக்கிறது என்று விசாரியுங்கள். இல்லையென்றால் பங்குத்தந்தையிடம் கேட்டு, பாட்டும் வாசிப்பும் இல்லாத அரைமணி நேரத்துக்குக் கோயிலைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள். பங்கின் அயலவர் கூடும் சிறு குழுவான அன்பியத்திலிருந்து இரண்டு மூன்று பேர் வந்தால் போதும். எதையும் கேட்டே ஆகவேண்டும் என்று முதல் நாளிலேயே எதிர்பார்க்காமல், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.