உபுண்டு காணோம், விண்டோஸ் காணோம்: டூயல் பூட் கேள்வி பதில்

விண்டோஸும் உபுண்டு லினக்ஸும் சேர்ந்து இருக்கிற டூயல் பூட் லேப்டாப்பில் ஒரு ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்) திடீரென்று காணாமல் போன கதையோடு இந்த வாரம் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள், அதனால் எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். படித்து முடிக்கும்வரை அந்த லேப்டாப்பில் எதையும் ஃபார்மட் செய்யாதீர்கள், புதிதாக இன்ஸ்டால் செய்யவும் வேண்டாம்.

கேள்வி: அண்ணா, நேற்று ராத்திரி விண்டோஸ் அப்டேட் ஓடியது. காலையில் பார்த்தால் எந்த ஓஎஸ் வேண்டும் என்று கேட்கிற கிரப் மெனுவே வரவில்லை, நேராக விண்டோஸுக்குள் போய்விடுகிறது. உபுண்டு போச்சா? ப்ராஜெக்ட் முழுக்க அதில்தான் இருக்கிறது.

போயிருக்காது தம்பி, பெரும்பாலும். எந்த ஓஎஸ்ஸை முதலில் எழுப்புவது என்ற வரிசை மதர்போர்டில் இருக்கிற ஒரு சின்ன நினைவகத்தில்தான் எழுதியிருக்கும், சில சமயம் பெரிய அப்டேட் வந்தால் விண்டோஸ் தன் பெயரை மேலே ஏற்றிக்கொள்ளும். ஆன் செய்த உடனே பூட் மெனு கீயை விடாமல் தட்டுங்கள்: லெனோவோ, டெல் என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9, ஆசுஸில் எஸ்கேப். உபுண்டு என்று ஒரு வரி தெரிந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். திறந்துவிட்டதா, அப்புறம் பயோஸுக்குள் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) போய் அதையே முதலிடத்தில் வைத்தால் வேலை முடிந்தது.

அந்த வரியே இல்லையென்றால் விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள், பார்க்க மட்டும். பெயரும் இல்லாமல் டிரைவ் எழுத்தும் இல்லாமல் நீங்கள் உபுண்டுவுக்கு ஒதுக்கிய அளவில் ஒரு கட்டம் நிற்கிறதா? அதுதான் உங்கள் ப்ராஜெக்ட். விண்டோஸுக்கு உபுண்டுவின் ஈஎக்ஸ்டி4 பைல் சிஸ்டத்தைப் படிக்கத் தெரியாது, அதனால் ஏதோ காலி இடம் மாதிரி காட்டும். அதற்கு ஒரு எழுத்துக் கொடுத்துத் திறந்தால் "முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா" என்று மரியாதையாகக் கேட்கும். கேன்சல்! உபுண்டு நிஜமாகவே அழிகிற கதைகளில் பாதி இந்த இடத்தில்தான் நடக்கிறது. உபுண்டு பென் டிரைவில் பூட் செய்து, 'ட்ரை' என்பதைத் தேர்ந்து, பூட் ரிப்பேர் என்ற கருவியைப் போட்டு ஓட்டுங்கள், கிரப் திரும்ப வந்துவிடும்.

கேள்வி: எனக்கு மெனு வருவதற்கு முன்னாலேயே 'எஸ்பேட் செல்ஃப் செக் ஃபெயில்டு' என்று ஒரு வரி வந்து லேப்டாப் அணைந்துவிடுகிறது.

இது வேறு கதை. 2024 ஆகஸ்ட் மாத விண்டோஸ் அப்டேட், பாதுகாப்பு ஓட்டை இருந்த பழைய கிரப் பூட்லோடர்களைத் தடுக்கப்போய் டூயல் பூட் வைத்திருந்தவர்களையும் சேர்த்து அடித்துவிட்டது. டூயல் பூட் லேப்டாப்களைத் தொடாது என்று சொல்லித்தான் மைக்ரோசாஃப்ட்டில் அனுப்பினார்கள், சில இடங்களில் டூயல் பூட் இருப்பதை அந்த அப்டேட் கண்டுபிடிக்கவில்லை. 2025 மே அப்டேட்டில் சரிசெய்தார்கள். இன்னும் மாட்டிக்கொண்டிருந்தால் பயோஸில் செக்யூர் பூட்டை (நம்பகமான பூட்லோடரை மட்டும் அனுமதிக்கிற பாதுகாப்பு) அணைத்து, உபுண்டுவுக்குள் போய், 'மோக்யூட்டில்' என்ற கட்டளையால் எஸ்பேட் பாலிசியை (பழைய பூட்லோடர்களைத் தடுக்கிற விதி) நீக்கி, உபுண்டுவை முழுதாக அப்டேட் செய்து, ஒருமுறை ரீஸ்டார்ட் ஆன பிறகு செக்யூர் பூட்டைத் திரும்பப் போடுங்கள். இதற்கெல்லாம் முன்னால் விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். செக்யூர் பூட்டைத் தொட்டால் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும், அந்த நேரத்தில் தேட முடியாது.

கேள்வி: சார், இடம் பத்தவில்லை என்று லினக்ஸ் பார்ட்டிஷனை விண்டோஸிலிருந்து நானே அழித்தேன். இப்போது கறுப்புத் திரையில் கிரப் என்று மட்டும் நிற்கிறது. விண்டோஸும் போய்விட்டதா?

இல்லை. அந்த இடத்தில் 'எக்ஸிட்' என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள், பெரும்பாலும் அடுத்த வரிசையில் இருக்கிற விண்டோஸ் எழுந்துவிடும். நீங்கள் வீட்டை இடித்தீர்கள், கிரப் என்கிற வாசல் மணி மட்டும் பூட் பைல்கள் இருக்கிற ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் அப்படியே மாட்டியிருக்கிறது. பயோஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலில் வைத்தால் போதும்.

கேள்வி: இன்ஸ்டால் செய்யும்போது 'டிஸ்க்கை அழித்து உபுண்டுவை நிறுவு' என்பதை அழுத்திவிட்டேன். விண்டோஸில் அப்பாவின் கணக்கு, கல்யாணப் போட்டோ எல்லாம் இருந்தது. ஏதாவது வழி?

இதற்குத்தான் பதில் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. முதல் வேலை, அந்த லேப்டாப்பை இப்போதே அணைத்துவிடுங்கள். உள்ளே பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் வாய்ப்பு உண்டு, ஏனென்றால் உபுண்டு எழுதிய இடம் போக மீதியில் பழைய பைல்கள் அப்படியே கிடக்கும். எஸ்எஸ்டி என்றால் ஈஎக்ஸ்டி4 போடும்போதே 'இந்த இடமெல்லாம் காலி' என்று டிரைவுக்குச் சொல்லிவிடும், டிரைவும் துடைத்துவிடும். அதற்குப் பிறகு எந்தக் கடையில் கொடுத்தாலும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். பிட்லாக்கர் போட்டிருந்தாலும் இதே கதிதான்.

ஹார்ட் டிஸ்க்தான் என்றால் அதைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி போட்டோரெக் என்ற பைல் மீட்புக் கருவியை ஓட்டுங்கள், மீட்டதை வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். நானும் ஒருமுறை இதே பட்டனை அழுத்தினவன்தான். போட்டோக்கள் வந்தன, ஆனால் பெயர் எதுவும் இல்லை, எஃப் போட்டு ஒரு நீள எண், அவ்வளவுதான். அக்கா கல்யாணமும் கரண்ட் பில் ஸ்கிரீன்ஷாட்டும் ஒரே ஃபோல்டரில். பிரித்து அடுக்க இரண்டு மாதம் ஆனது. (அழித்தது மட்டும், மேலே எதுவும் எழுதவில்லை என்கிறவர்கள் போட்டோரெக் எழுதியவரின் டெஸ்ட்டிஸ்க் கருவியை முதலில் பாருங்கள், பார்ட்டிஷனையே பழையபடி திருப்பித் தரும்.)

விண்டோஸ் லைசென்ஸுக்காகக் கவலை வேண்டாம். லேப்டாப்போடு வந்த விண்டோஸ் என்றால் அதன் கீ மதர்போர்டிலேயே இருக்கும், அதே எடிஷனை நிறுவினால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். கடையில் கீக்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பார்ட்டிஷன் எல்லாம் அப்படியே இருக்கிறது, ஆனால் கிரப் மெனுவில் விண்டோஸ் பெயர் மட்டும் இல்லை.

கிரப் 2.06 முதல் மற்ற ஓஎஸ்களைத் தேடுகிற வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கிரப் செட்டிங்ஸ் பைலில் ஓஎஸ் ப்ரோபர் வரியை இயக்கிவிட்டு அப்டேட் கிரப் கொடுங்கள், வந்துவிடும்.

கேள்வி: இரண்டும் ஓடுகிறது. உபுண்டு போய்விட்டு விண்டோஸுக்கு வந்தால் மட்டும் கடிகாரம் தப்பாகக் காட்டுகிறது.

ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்குமே? லினக்ஸ் மதர்போர்டுக் கடிகாரத்தில் யூடிசி (உலகப் பொது) நேரத்தை வைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று நினைத்துக்கொள்ளும். உபுண்டு டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளையில் லோக்கல் ஆர்டிசியை 1 ஆக மாற்றுங்கள், பிறகு விண்டோஸில் ஒருமுறை நேரத்தை ஸிங்க் செய்யுங்கள். லேப்டாப்பில் அலாரம் வைத்துத் தூங்குகிறவர் என்றால் இன்று ராத்திரியே செய்துவிடுங்கள்.