தீவிரவாத வழக்கில் கைதானவர்களுக்கு ஜாமீன், வக்கீல் என்று உரிமைகள் எதற்கு? செத்துப்போனவர்களுக்கு உரிமை இல்லையா?

யாரோ ஜாமீனில் சிரித்துக்கொண்டே வெளியே வரும் படத்தைப் பார்த்துவிட்டுக் கொதித்துப்போய்க் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தப்பில்லை. இதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன், அதுவும் வக்கீல் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு. நான் வக்கீல் இல்லை, குமாஸ்தா. 30 வருஷமாகக் கேஸ் கட்டு தூக்குகிறவன். சட்டத்தில் எங்கேயாவது கமா தவறியிருந்தால் வக்கீல் நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

நீங்கள் நினைக்கிற அளவுக்கு உரிமை ஒன்றும் கொட்டிக் கிடக்கவில்லை. கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்தில் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும், விரும்பிய வக்கீலைப் பார்க்க விட வேண்டும். இது அரசியல் சாசனம் 22வது பிரிவு, பிக்பாக்கெட்டுக்கும் இதுதான். சாதாரண வழக்கில் 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்டு வாங்கலாம். தீவிரவாத வழக்குகளில் போடும் உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு) சட்டத்தில் அரசு வக்கீல் ஒரு அறிக்கை கொடுத்தால் அதை 180 நாள் வரை இழுக்கலாம். அதற்குள் சாதாரண ஜாமீன் கேட்டால் 43டி(5) என்ற பிரிவு குறுக்கே நிற்கும். போலீஸ் தாளைப் பார்த்துக் குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை போலத் தெரிந்தாலே கோர்ட் ஜாமீன் தரக் கூடாது. ஆக பெரும்பாலும் மிச்சமிருக்கிற சந்து அந்த 180 நாள் கணக்குதான்.

அந்தச் சந்து வழியை ஒரு பையனுக்கு அடைத்தவன் நான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். செல்போன் கடையில் வேலை பார்த்த பையன், 23 வயது. அவன் விற்ற சிம் கார்டு ஒன்று யாரிடமோ போய்ச் சேர்ந்திருந்தது. எந்த மதம், எந்த அமைப்பு என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். சொன்னால் பாதிப்பேர் அதோடு படிப்பதை நிறுத்திவிடுவீர்கள், மீதிப்பேர் அதற்காகவே படிப்பீர்கள். அவன் அம்மா ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்ற அன்று, சீனியர் ஏன் இந்த வக்காலத்தை வாங்கினார் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. பேப்பரில் 'தீவிரவாதி கைது' என்று படத்தோடு போட்டிருந்தார்கள். சந்தேகத்தின் பேரில் என்ற சொல் எங்கேயும் இல்லை. நானும் தேடவில்லை.

வியாழக்கிழமையோடு 180 நாள் முடிகிறது. போலீஸ் இன்னும் குற்றப்பத்திரிகை போடவில்லை. சீனியருக்கு வெளியூரில் செஷன்ஸ் விசாரணை. புதன்கிழமையே என்னைக் கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமை காலையில கோர்ட் உட்கார்ந்ததும் மனு உள்ள போயிடணும்யா. அவங்க குற்றப்பத்திரிகையோட முந்திக்கிட்டா நமக்கு ஒண்ணும் இல்ல" என்றார். மனு டைப் ஆகி, கையெழுத்தாகி, பீரோவில் தயாராக இருந்தது. சாவி என்னிடம்.

வெள்ளிக்கிழமை காலை என் மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசம். தலையைக் காட்டிவிட்டுப் பத்து மணிக்குள் வந்துவிடலாம் என்று போனேன். பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். தீவிரவாதிக்குத்தானே, அரை நாள் தாமதமானால் குடியா முழுகிவிடும் என்று மனசுக்குள் ஓடியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஜூனியர் ஏழு தடவை போன் செய்திருக்கிறார், நாதஸ்வரத்தில் கேட்கவில்லை. 12 மணிக்கு மனுவைத் தூக்கிக்கொண்டு ஓடினால், 11 மணி சுமாருக்கே குற்றப்பத்திரிகையைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டிருந்தார்கள். பெஞ்ச் கிளார்க் உதட்டைப் பிதுக்கினார். மனு தள்ளுபடி. அடுத்துப் போட்ட சாதாரண ஜாமீன் மனுவை 43டி(5) தின்றது.

அதன்பின் நாலு வருஷம் உள்ளே கிடந்தான். கடைசியில் விடுதலை. சிம் வாங்கியவர் கொடுத்த அடையாளச் சான்று போலி என்று இவனுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு ஒரு சாட்சிகூட இல்லை.

2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேலே போன போதைப்பொருள் வழக்கு. 181வது நாள் காலை 10.30க்கு ஜாமீன் மனு, சாயங்காலம்தான் அரசுத் தரப்பின் புகார் (அந்த வழக்கில் குற்றப்பத்திரிகை மாதிரி). காலையில் வந்த மனுதான் முந்தி, ஜாமீன் கொடு என்றார்கள். ஜூனியர் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

(நாள் கணக்கில் கிடைக்கிற இந்த ஜாமீனுக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் எண் 167(2). இப்போது 187 ஆக்கிவிட்டார்கள். 2024 ஜூலையிலிருந்து எல்லா எண்ணும் மாறி, சட்டத்தின் பெயரும் வாயில் நுழையாத பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. 30 வருஷம் மனப்பாடம் செய்ததை இந்த வயதில் அழித்து எழுதுகிறேன். போதாததற்கு இ-ஃபைலிங். ஸ்கேன் கோணலாக இருந்தால் மனு திரும்பி வரும், திட்டு மட்டும் குமாஸ்தாவுக்கு. சரி, அது வேறு கதை.)

தேசத்துரோகி என்று எழுத வருகிறவர்களுக்கு: குண்டு வைத்தவனுக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. வைத்தது இவன்தானா என்பதுதான் கேள்வி. குஜராத் அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் பொடா (பழைய தீவிரவாதத் தடுப்புச் சட்டம்) கோர்ட் ஆறு பேருக்குத் தண்டனை கொடுத்தது, அதில் மூன்று பேருக்குத் தூக்கு. போலீஸ் அதிகாரி முன் கொடுத்த வாக்குமூலமே சாட்சியாகிவிடும் என்ற சட்டம் அது. உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் நிரபராதி என்று விட்டது 2014 மே 16. அன்றைக்குத்தான் நாடாளுமன்றத் தேர்தல் முடிவு, டிவியில் யார் இதைப் பார்த்தார்கள்? செத்தவர்களுக்கு உரிமை இல்லையா என்கிறீர்களே, ஆள் மாறிய தீர்ப்பால் அந்தக் குடும்பங்களுக்கு என்ன கிடைத்தது?

வக்கீல் எதற்கு என்பதற்கும் நம் ஊர்க் கதையே இருக்கிறது. வக்கீல்களோடு மோதிய போலீஸ்காரர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று கோவை வக்கீல் சங்கம் தீர்மானம் போட்டது. 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. தீவிரவாதக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஆஜராக மாட்டோம் என்று சங்கங்கள் போடும் தீர்மானத்தையும் அதே தீர்ப்பில் சேர்த்துத்தான் சாடியது. காக்கிச் சட்டைக்கும் ஒருநாள் அந்த வக்காலத்து தேவைப்பட்டது பாருங்கள்.

விடுதலையானபின் அந்தப் பையன் தீர்ப்பு நகல் வாங்க ஆபீஸுக்கு வந்தான். முன்பக்கம் முடி கொட்டியிருந்தது. "அண்ணே, அந்த மொத மனு ஏண்ணே நிக்கல?" என்றான். "நேரம் தம்பி" என்றேன். தலையாட்டிக்கொண்டான். நகலுக்கு எவ்வளவு ஆச்சு என்று கேட்டுப் பர்ஸை எடுத்தான், நான் வாங்கவில்லை.

பஸ் பிரேக்டவுன் என்றுதான் அன்றைக்கு சீனியரிடம் சொல்லியிருந்தேன். இன்றுவரை அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார். பெயர் போடாமல் எழுதுவது அதனால்தான்.