மெதுவாகப் போகும்போது படகு ஏன் அலைகிறது?

கேள்வி: ஐயா, எங்களுடையது பதினாறு அடி ஃபைபர் படகு. பின்னால் ஒரே ஒரு அவுட்போர்டு இன்ஜின். வேகமாகப் போகும்போது ஸ்டீயரிங்கைச் சும்மா பிடித்திருந்தாலே நேராகப் போகிறது. துறைக்குள் மெதுவாக நுழையும்போது மட்டும் மூக்கு இடமும் வலமுமாக அலைகிறது, நானும் ஸ்டீயரிங்கைச் சுற்றிக்கொண்டே இருக்கிறேன். ஸ்டீயரிங்கில் கோளாறா, எனக்குக் கை பழகவில்லையா?

பதில்: முதலில் ஸ்டீயரிங்கைப் பார்த்துவிடுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். இன்னொருவர் பின்னால் நின்று இன்ஜினையே பார்க்கட்டும். இங்கே ஆட்டம் கொடுத்து நன்றாகத் தாமதித்துத்தான் அங்கே இன்ஜின் அசைகிறது என்றால் கேபிள் தேய்ந்திருக்கலாம். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங் என்றால் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டாமல் விடாதீர்கள். அது சரியாக இருந்தால், நீங்கள் சொல்வது இந்த வகைப் படகின் இயல்புதான்.

இந்தப் படகில் சுக்கான் கிடையாது. ஸ்டீயரிங்கைச் சுற்றினால் பின்னால் தொங்கும் இன்ஜினே திரும்பும். ப்ரொப்பல்லர் எந்தத் திசையில் தண்ணீரைத் தள்ளுகிறதோ அதை வைத்துத்தான் படகு திரும்புகிறது. இன்ஜின் மெதுவாக ஓடும்போது அந்தத் தள்ளலும் பலவீனமாகிவிடும். படகின் அடிப்பகுதியும் வேகத்துக்காகச் செய்யப்பட்டது. பக்கவாட்டில் நழுவாமல் பிடித்து நிறுத்த ஆழமான அடிக்கட்டை அதற்கு இல்லை. அதனால் நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பிய பிறகு ஓரிரு நொடி ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும். அந்த நேரத்தில்தான் எல்லோரும் இன்னும் கொஞ்சம் திருப்புகிறார்கள். அப்புறம் மொத்தமும் சேர்ந்து வேலை செய்து மூக்கு வேகமாகத் திரும்பும். பதறி எதிர்ப்பக்கம் சுற்றுவார்கள். பாதி அலைச்சலைப் படகு செய்கிறது, மீதிப் பாதியைக் கை செய்கிறது.

நான் கற்றுக்கொடுக்கும்போது முதலில் கவனிப்பது மாணவரின் கைகளைத்தான். ஸ்டீயரிங்கைக் கொஞ்சமாகத் திருப்பு, நிறுத்து, மூக்கு அசையத் தொடங்கும் வரை காத்திரு என்பேன். மூக்கு அசையத் தொடங்கியதுமே, அது நீங்கள் நினைத்த இடத்துக்கு வந்து சேரும் முன்பே, ஸ்டீயரிங்கை நடுவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மிச்சத் தூரத்தைப் படகு தன் கனத்திலேயே திரும்பி முடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகும் நிற்காமல் போனால் எதிர்ப்பக்கம் சின்னதாக ஒரு தட்டு. இந்தக் காத்திருப்பு கைக்குப் பிடிபட்டுவிட்டால் பெரும்பகுதி அலைச்சல் தீர்ந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு: நடு எது என்றே பலருக்குத் தெரிவதில்லை. பல படகுகளில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஸ்டீயரிங் மூன்று நான்கு சுற்றுச் சுற்றும். கட்டியிருக்கும் படகில் இன்ஜினை நேராக வைத்து, ஸ்டீயரிங் வளையத்தின் உச்சியில் சிவப்பு டேப் ஒரு துண்டு சுற்றுங்கள். ஒரு ஓரத்திலிருந்து எத்தனை சுற்றில் நடு வருகிறது என்பதையும் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். டேப் மட்டும் போதாது, ஒரு முழுச் சுற்று தள்ளி இருந்தாலும் அது மேலேதான் தெரியும்.

கண் மூக்கில் நிற்கக் கூடாது. தூரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு பொருள்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு கம்பம், அதற்குப் பின்னால் ஒரு கட்டடம். இரண்டும் ஒரே கோட்டில் இருக்கும் வரை நீங்கள் நேராகப் போகிறீர்கள். கிட்டத்தில் இருக்கும் கம்பம் எந்தப் பக்கம் விலகித் தெரிகிறதோ அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பினால் கோடு மறுபடி சேரும். இதற்கு இடையில் மூக்கு சில பாகை இப்படியும் அப்படியும் ஆடினால் ஆடட்டும், ஒவ்வொரு ஆட்டத்தையும் திருத்தப் போக வேண்டாம்.

அப்புறம் எடை. முன்பக்கம் ஆட்கள் உட்கார்ந்து கனமாக இருந்தால் அலைச்சல் கூடும். அவர்களைப் பின்னால் வரச் சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். இன்ஜினை மேலே தூக்கி வைத்துக்கொண்டு ஊராதீர்கள், ப்ரொப்பல்லர் நன்றாக முங்கியிருக்கட்டும்.

கேள்வி: படகு கட்டும் மேடைக்குப் பக்கத்தில் வந்ததும் பயத்தில் நியூட்ரலில் போட்டுவிடுகிறேன். அதன் பிறகு ஸ்டீயரிங்கை எவ்வளவு சுற்றினாலும் காற்று படகைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. என்ன செய்ய வேண்டும்?

பதில்: நியூட்ரலில் ப்ரொப்பல்லர் சுற்றாது, ஆகவே அவுட்போர்டு படகில் ஸ்டீயரிங்குக்குக் கிட்டத்தட்ட வேலையே இல்லை. நியூட்ரலில் போடுவது தப்பில்லை, அதை எப்போது போடுகிறீர்கள் என்பதுதான் விஷயம். வரிசை இப்படி: முதலில் ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள், பிறகு கியரைப் போடுங்கள், ஓரிரு நொடி தள்ளவிட்டு மறுபடி நியூட்ரல். கியரைப் போட்ட பிறகு ஸ்டீயரிங்கைத் திருப்பினால், திருப்பி முடிப்பதற்குள் படகு பழைய திசையிலேயே முன்னேறியிருக்கும். இப்படித் தவணை தவணையாகத் தள்ளினால் வேகம் ஏறாது, திசையும் கையில் இருக்கும்.

படகின் முன்பக்கம் லேசானது, உயரமானது, தண்ணீரில் ஆழமாக இறங்கியிராதது. அதனால் காற்று முதலில் தள்ளுவது மூக்கைத்தான். முடிந்த மட்டும் காற்றை எதிர்கொண்டு மேடையை நெருங்குங்கள். எதிர்க்காற்று வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும், நின்று யோசிக்கவும் நேரம் கிடைக்கும்.

ரிவர்ஸில் இன்னொன்றைக் கவனியுங்கள். பின்னாலிருந்து பார்க்கும்போது முன்னோக்கிப் போக வலஞ்சுழியாகச் சுற்றும் ஒற்றை ப்ரொப்பல்லர், ரிவர்ஸில் படகின் பின்பக்கத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கும். மேடை இடப்பக்கம் இருந்தால் அந்த இழுப்பு உங்களுக்குத் துணை.

கேள்வி: எங்கள் துறையில் 5 நாட் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதற்குள்தான் போகிறேன். அப்படியும் கட்டியிருக்கும் படகுக்காரர்கள் சத்தம் போடுகிறார்கள்.

பதில்: அவர்கள் சத்தம் போடுவதில் நியாயம் இருக்கிறது. 5 நாட் என்றால் மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர். நீர்மட்டத்தில் பதினாறு அடி நீளமுள்ள படகுக்குச் சுமார் 5.4 நாட் வரும்போதே, அது எழுப்பும் அலையின் நீளம் படகின் நீளத்துக்குச் சமமாகிவிடும். ஆகவே சின்னப் படகு 5 நாட்டிலேயே நல்ல அலை எழுப்பும். பலகை சொல்வது உச்ச வரம்பு. அதற்குக் கீழே எவ்வளவு என்பதைத் திரும்பிப் பார்த்து முடிவு செய்யுங்கள்: உங்களுக்குப் பின்னால் கட்டியிருக்கும் படகுகளின் கயிறு விறைத்துத் தளர்ந்தால், வேகத்தை இன்னும் குறையுங்கள். எவ்வளவு மெதுவாகப் போனாலும் நீங்கள் விழுந்தால் இன்ஜினை அணைத்துவிடும் கில் ஸ்விட்ச் கயிறு உங்கள் மீது மாட்டியிருக்க வேண்டும். ஐட்லிங்கில் சுற்றும் ப்ரொப்பல்லரும் ஆளை வெட்டும்.